திப்பிக் களத்தில் ஒரு படிப்பு

ஆத்தூர் அண்ணனுக்கு வணக்கம்.

போன வாரம் மகளின் கல்லூரிப் படிப்பு பற்றிக் கேட்க வந்து, சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் என் அறையில் உட்கார்ந்து, "குப்பையில கரண்டு எடுக்குற படிப்பாம்ங்க, பாப்பா அதுதான் வேணுங்குது" என்று சிரித்தீர்கள். பாப்பா சிரிக்கவில்லை. பயிர்க்கழிவு போன்ற உயிர்ப்பொருளிலிருந்து மின்சாரம் எடுக்கும் துறை அது. அவளுக்காகவே இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. முதலாண்டிலேயே 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' என்று பெயர் போட்ட பட்டத்தில் சேர்க்க வேண்டாம். சில வருடம் முன்பு ஒரு பையனுக்கு அப்படி ஒரு படிப்பை நானே சொன்னேன். பிறகு அரசு நிறுவன வேலைக்கு விளம்பரம் வந்தபோது, தகுதிப் பட்டியலில் அவன் பிரிவின் பெயரே இல்லை. அந்த அம்மா போனில் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. மெக்கானிக்கல், கெமிக்கல், எலக்ட்ரிக்கல் மூன்றில் ஒன்று அடித்தளமாக இருக்கட்டும். வேளாண் பொறியியலும் நல்லதே, அதைக் கோவை வேளாண் பல்கலையில் படிக்க வேண்டுமென்றால் அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சிறப்புப் படிப்பை எம்.இ.யில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தத் துறையில் வேலை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் சோலார் அளவுக்கு ஆள் எடுப்பதில்லை. பொழுது சாய்ந்தால் சோலார் படுத்துவிடும். வீடெல்லாம் விளக்குப் போடும் ஏழு மணிக்கும் உயிர்ப்பொருள் நிலையம் ஓடும். மின்கட்டமைப்புக்கு அதன் அருமை அங்கேதான். அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் பெல்லட், அதாவது பயிர்க்கழிவை அழுத்திச் செய்த சிறு கட்டிகள், கலந்து எரிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2021-இல் கொள்கை கொண்டுவந்தது. நம் மேட்டூரில் 840 மெகாவாட் நிலையமும் 600 மெகாவாட் நிலையமும் இருக்கின்றன. 5 சதவீதம் என்றால் எத்தனை லாரி பெல்லட் என்று பாப்பாவையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

சிக்கல் எல்லாம் எரிபொருள் சேர்ப்பதில்தான். ஆலையை விட்டு வரும் கரும்புச் சக்கையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். எரிக்கிற சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். அரவை முடிந்தால் சக்கையும் இல்லை. வைக்கோலை எரித்தால் அதிலுள்ள பொட்டாசியத்தால் சாம்பல் உருகி பாய்லர் குழாயில் பாறை மாதிரி ஒட்டும். தூரம் கூடினால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். தமிழ்நாட்டில் பல நிலையங்கள் படுத்தது எரிபொருள் விலை ஏறித்தான்.

உங்கள் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரியையே பாருங்கள். மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி; அது காய்ந்ததும் மாட்டுத்தீவனத்துக்கு வாங்கிப் போகிறார்கள். அதனால் அதை யாரும் எரிப்பதில்லை. நல்ல விலைக்கு ஆள் வராத பொருள்தான் அடுப்புக்கு வரும். வாங்க ஆளில்லாதது அந்த நாறுகிற கழிவுநீர். அதை மூடிய தொட்டியில் விட்டு மீத்தேன் பிடித்து, ஆலைக்கே எரிபொருளாக்குகிறார்கள். உங்கள் பக்கம் இதெல்லாம் புதிதல்ல. காப்பிப் பழத்தோல் நீக்கிக் கழுவி வரும் நீரிலும் இதே வழியில் மீத்தேன் பிடிக்கலாம்.

"பொம்பளப் புள்ளைக்கு பாய்லர் வேலையா?" என்றீர்கள். ஷிப்டு இருக்கும், புகை இருக்கும், மறைக்க மாட்டேன். ஆனால் பட்டத்தோடு பாய்லரில் அனுபவம் சேர்த்து பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் தேர்வு எழுதினால், பெரிய ஆலைகளில் சட்டப்படி தேவைப்படும் ஆள் அவள். ஷிப்டு வேண்டாம் என்றால், பொறியியல் பட்டமும் 3 ஆண்டு அனுபவமும் கொண்டு, ஆலையில் ஆற்றல் எங்கே வீணாகிறது என்று கணக்கெடுக்கும் எனர்ஜி ஆடிட்டர் தேர்வு எழுதலாம். சர்க்கரை, நூல், சிமென்ட் என்று எந்த ஆலைக்கும் அந்தச் சான்றிதழ் செல்லும்.

பொறியியல் கலந்தாய்வில் கல்லூரியும் பிரிவும் தேர்ந்து பதியும் சாய்ஸ் பில்லிங்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு வேலை. பாப்பாவைக் களத்துக்குக் கூட்டிப்போய், ஈரத் திப்பி ஒரு கிலோ நிறுத்து, தனியாக வெயிலில் காயப்போடச் சொல்லுங்கள். சாயங்காலம் ஒரு எடை, மறுநாள் ஒரு எடை. நோட்டில் எழுதிக்கொண்டு சனிக்கிழமை வரட்டும். முகம் சுளித்தாளா, இல்லை மூன்றாம் நாளும் நிறுக்கப் போனாளா என்று மட்டும் நீங்கள் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.