காசு கொடுத்து வாங்கிய பாட்டு யாருடையது?

வணக்கம்.

டிஜிட்டல் இசை உரிமை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு விஷயம் ஒப்பவில்லை. வாங்கிய பாட்டை நகலெடுக்கவோ வேறு கருவியில் கேட்கவோ விடாத டிஆர்எம் பூட்டு என்பது முடிந்துபோன கதை, 2009-லேயே ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை அதை எடுத்துவிட்டது. இன்று ஒரு சந்தா கட்டினால் கோடிக்கணக்கான பாட்டுகளைக் கேட்கலாம், யார் பாட்டை வாங்கிச் சேர்த்துவைக்கிறார்கள்? கையில் 4ஜி, 5ஜி இருக்கிறது. நிறுவனங்கள் அடித்துக்கொண்டது கடைசியில் நமக்கு நல்லதாகத்தான் முடிந்தது. பாட்டு உரிமை, கம்பியில்லா பிராட்பேண்ட், டெக் நிறுவனங்களின் ஆதிக்கம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று படுகிறது. அப்புறம், பூட்டு வேண்டாம் என்பவர்கள் கலைஞர்கள் எப்படிச் சம்பாதிப்பார்கள் என்று சொல்வதேயில்லை. என் மொபைல் திட்டத்தில் ஒரு இசை ஆப்புக்கு டேட்டா கணக்கில் கழியாது. அதையும் தவறு என்பீர்களா? இலவசமாகக் கிடைப்பதில் எதிர்க்க என்ன இருக்கிறது?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

பூட்டு முடிந்துபோன கதை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பாட்டுக் கோப்பில் இருந்த பூட்டு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது அது சந்தாவிலும், பாட்டு நம்மிடம் வந்துசேரும் வழியிலும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பேசுவது அதனால்தான்.

முதலில் பழைய கதை, ஏனென்றால் பலருக்கும் அதில் பாதிதான் நினைவிருக்கிறது. பாட்டுகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ள 1999-ல் வந்த நாப்ஸ்டர் சேவை 2001-ல் நீதிமன்ற உத்தரவால் நின்றது. ரெக்கார்டு நிறுவனங்கள் அத்தோடு விடாமல் 2003-ல் பாட்டைப் பகிர்ந்த தனிமனிதர்கள் மேலேயே வழக்குப் போட ஆரம்பித்தன. அதே ஆண்டு ஏப்ரலில் ஆப்பிள் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்றது. யாரும் நகலெடுத்துவிடக் கூடாது, பூட்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவை ரெக்கார்டு நிறுவனங்கள். ஆனால் அந்தப் பூட்டால் பெரிய ஆதாயம் கிடைத்தது ஆப்பிளுக்கு. ஃபேர்பிளே என்ற அந்தப் பூட்டின் நுட்பத்தை மற்ற பிளேயர் நிறுவனங்களுக்கு ஆப்பிள் கொடுக்கவில்லை, அதனால் அங்கே வாங்கிய பாட்டைக் கையில் எடுத்துப்போய்க் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய ஐபாட் ஒன்றுதான் வழி. நிறையப் பாட்டு வாங்கிச் சேர்த்தவர் அடுத்த முறை வேறு பிளேயர் பக்கம் எப்படிப் போவார்? 2004-ல் ரியல்நெட்வொர்க்ஸ் தன் கடைப் பாட்டுகளும் ஐபாடில் ஓடும்படி ஹார்மனி என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. ஆப்பிள் கடும் கோபத்தோடு அதைக் கண்டித்தது, பின்னால் வந்த ஐபாட் மென்பொருளில் ஹார்மனி வேலை செய்யாமல் போனது. 1998-ல் அமெரிக்காவில் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம் இதற்கெல்லாம் பலமாக நின்றது: திருட்டு நகல் போடுவதை மட்டுமல்ல, பூட்டைத் தாண்டிப் போவதையே அது தனிக் குற்றமாக்கியிருந்தது.

மைக்ரோசாஃப்ட் செய்தது இதைவிட மோசம். 2004-ல் "பிளேஸ்ஃபார்ஷ்யூர்" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள், பல நிறுவனங்களின் பிளேயர்களிலும் பாட்டு நிச்சயம் ஓடும் என்பது அந்தப் பெயரின் வாக்குறுதி. 2006-ல் அவர்களே ஜூன் (Zune) என்ற சொந்த பிளேயரை விற்றார்கள். பிளேஸ்ஃபார்ஷ்யூர் கடைகளில் வாங்கிய பாட்டு அதில் ஓடாது. 2008 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் கடையில் பாட்டு வாங்கியவர்களுக்கு ஒரு அறிவிப்பு போனது: ஆகஸ்ட் இறுதியோடு உரிமச் சர்வர்களை நிறுத்துகிறோம், ஏற்கெனவே அனுமதி பெற்ற கணினியில் பாட்டு ஓடும், புதுக் கணினிக்கு மாறினால் ஓடாது. எதிர்ப்பு கிளம்பியதும் 2011 வரை நீட்டித்தார்கள். 2008-லேயே யாகூ மியூசிக்கும் இதே மாதிரி அறிவித்துப் பிறகு இழப்பீடு தந்தது. பெட்டியை விற்றுவிட்டுச் சாவியைக் கடைக்காரரே வைத்துக்கொண்டு, கடையை மூடும்போது சாவியோடு போய்விடுவதை வியாபாரம் என்று ஏற்றுக்கொள்ள முடியுமா? இதில் என்னைக் கோபப்படுத்துவது எது தெரியுமா, தண்டனை பெற்றவர்கள் எல்லாரும் நேர்மையாகக் காசு கொடுத்தவர்கள். திருட்டு எம்பி3 வைத்திருந்தவருக்கு ஒரு பாட்டும் நிற்கவில்லை. 2005-ல் சோனி பிஎம்ஜி சிடிகள் வாங்கியவரின் கணினியில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மறைமுக மென்பொருளை ஏற்றி, வைரஸ் எழுதுபவர்களுக்கும் வழி திறந்துவிட்டதே, அங்கேயும் மாட்டிக்கொண்டது சிடியை விலைக்கு வாங்கியவர்தான்.

பிறகு ஏன் பூட்டை எடுத்தார்கள்? 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த கடிதம் எழுதினார். 2006-ல் இணையக் கடைகளில் பூட்டோடு விற்ற பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு, அதே ஆண்டு ரெக்கார்டு நிறுவனங்களே சிடியில் பூட்டில்லாமல் விற்றவை 2,000 கோடிக்கும் மேல், அப்படியிருக்க எதைக் காப்பாற்றுகிறது இந்தப் பூட்டு என்று கேட்டார். கேள்வி நியாயமானது. சில மாதங்களில் பெரிய ரெக்கார்டு நிறுவனங்களில் ஒன்றான இஎம்ஐ முதலில் இறங்கிவந்தது. செப்டம்பரில் அமேசான் பூட்டில்லா எம்பி3 விற்க ஆரம்பித்தது, மற்ற பெரிய ரெக்கார்டு நிறுவனங்கள் பூட்டில்லாத பாட்டுகளை ஆப்பிளுக்குத் தருவதற்கு முன் அமேசானுக்குத் தந்தன. ஒரே கடையின் பிடி இறுகிக்கொண்டே போவதைப் பார்த்த பயம்தான் அவர்களை அசைத்தது என்று நினைக்கிறேன். கேட்பவருக்கு ஓர் உரிமை இருக்கிறது என்று அன்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, சட்டமும் மாறவில்லை. டிஎம்சிஏ இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

அதனால்தான் ஸ்ட்ரீமிங் வந்தபோது பூட்டு சத்தமில்லாமல் திரும்பி வந்தது. சந்தா சேவையில் "டவுன்லோட்" செய்த பாட்டை வேறு பிளேயரில் போட்டுப் பாருங்கள், ஓடாது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் டவுன்லோட் செய்தவை போய்விடும். சந்தா என்பது வாடகைதான், அதைத் தெரிந்து கட்டுபவரை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் கட்டுகிறேன். ஆனால் அதையே சேகரிப்பு என்று நம்பக் கூடாது. 2024 ஜனவரி கடைசியில் யுனிவர்சல் என்ற ரெக்கார்டு நிறுவனத்துக்கும் டிக்டாக்குக்கும் ஒப்பந்தம் முறிந்தது, மே மாதம் மறுபடி கூடும்வரை யுனிவர்சல் பாட்டுகள் அங்கே இல்லை. பழைய சமூக வலைத்தளமான மைஸ்பேஸ் 2019-ல் ஒப்புக்கொண்ட விஷயம் இன்னும் கசப்பானது, சர்வர் மாற்றும்போது 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் அழிந்துவிட்டன, ஏறக்குறைய 5 கோடி என்று செய்திகள் வந்தன. அவற்றில் எத்தனையோ வேறெங்கும் பிரதி இல்லாத, பெயர் தெரியாத இளைஞர்களின் முதல் பாட்டு.

சரி, இதில் கம்பியில்லா பிராட்பேண்ட் எங்கே வருகிறது?

பாட்டு ஒரு கோப்பாக இருந்தவரை வழி ஒருமுறைதான் தேவைப்பட்டது, இறக்கிக்கொண்டால் முடிந்தது. இன்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அது யாரோ ஒருவருடைய வலையைக் கடந்துதான் வருகிறது. அந்த யாரோ ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு ஊகம் எல்லாம் வேண்டாம், ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2005-ல் அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் என்ற மொபைல் நிறுவனம் தன் அலைவழியாக நேரடியாகப் போனுக்குப் பாட்டு விற்றபோது ஒரு பாட்டின் விலை 2.50 டாலர். ஐடியூன்ஸில் 99 சென்ட். பாட்டு விற்பவரும் வழிக்குச் சொந்தக்காரரும் ஒருவரே என்றால் விலை இப்படித்தான் ஆகும். பெரும்பாலான மொபைல் நிறுவனங்கள் அன்று எந்த போன் தங்கள் வலையில் வரலாம், அதில் எந்தச் செயலி ஓடலாம் என்பதையும் தாங்களே முடிவுசெய்தன. ஸ்கைப் 2007-ல் இதை எதிர்த்து அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் மனு போட்டது, எந்தத் தொலைபேசிக் கருவியையும் வலையில் இணைக்கலாம் என்று 1968-ல் வந்த கார்ட்டர்ஃபோன் தீர்ப்பை மொபைலுக்கும் நீட்டுங்கள் என்று.

வைஃபையின் கதையோ நேர்மாறு. 1985-ல் எஃப்சிசி, மைக்ரோவேவ் அடுப்புகள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் தகவல்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. யாருக்கும் வேண்டாத அலைவரிசை என்று நினைக்கப்பட்டது அது. 1997-ல் வைஃபைக்கான 802.11 தரநிலை வந்தது, அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ரூட்டர் விற்க, வாங்க, அதன் வழியே எந்தப் பாட்டைக் கேட்கவும் எவர் அனுமதியும் தேவையில்லை. மொபைல் அலைக்கற்றை இதற்கு எதிர்ப்பக்கம், ஏலம், பெருந்தொகை, சொந்தக்காரர். 2008-ல் அமெரிக்காவில் நடந்த 700 மெகாஹெர்ட்ஸ் ஏலம் 1,900 கோடி டாலருக்கு மேல் போனது. அதில் ஒரு பகுதிக்கு மட்டும், எந்தக் கருவியும் எந்தச் செயலியும் அங்கே ஓடலாம் என்று ஒரு நிபந்தனை வைக்கும்படி கூகுள் வற்புறுத்தியது. ஏலம் 460 கோடி டாலரைத் தொட்டால்தான் அந்த நிபந்தனை செல்லும், கூகுள் அந்த அளவுவரை கேட்டுவிட்டு விலகிக்கொண்டது, மொபைல் நிறுவனமான வெரைசன் வாங்கியது, நிபந்தனை நின்றது. கூகுளுக்கு அதில் சொந்த லாபம் இருந்தது, சந்தேகமேயில்லை. ஆனாலும் நிபந்தனை நல்லது. ஒரு பெரிய நிறுவனம் தன் லாபத்துக்காக நமக்கு நல்லது செய்யும் இந்த மாதிரி நேரங்கள் வரும், அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்பதுதான் என் கவலை.

இப்போது உங்கள் இலவச ஆப். 2014 ஜூனில் அமெரிக்காவில் டி-மொபைல் என்ற மொபைல் நிறுவனம் இதையே செய்தது, பண்டோரா, ஸ்பாட்டிஃபை போன்ற சில இசைச் சேவைகளுக்கு டேட்டா கணக்கில்லை. பட்டியலில் இல்லாத சேவைக்குக் கணக்கு உண்டு. ஒரு இசைக்கலைஞர் தன் சொந்தத் தளத்தில் பாட்டை வைத்தால் அதற்கும் கணக்கு உண்டு. நல்ல பாட்டா, நல்ல சேவையா என்பது அங்கே பேச்சே இல்லை, டவர் வைத்திருப்பவர் யாரைப் பட்டியலில் சேர்த்தார் என்பதுதான் பேச்சு. உங்கள் பாட்டுக்கு வரம்பில்லாமல் டேட்டா தர அவர்கள் வலையில் இடம் இருக்கிறது என்றால், எல்லாருக்கும் எல்லாவற்றுக்குமான வரம்பை உயர்த்தட்டுமே, உங்களுக்கு அதே மிச்சம்தான், தேர்வு மட்டும் உங்கள் கையில் இருக்கும். இது என் தனிப்பட்ட பிடிவாதம் இல்லை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியிலேயே உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணம் வைப்பதைத் தடைசெய்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2021-ல் இத்தகைய திட்டங்கள், எல்லாத் தரவையும் சமமாக நடத்த வேண்டும் என்ற திறந்த இணைய விதிக்கு முரண் என்றது. அமெரிக்காவில்தான் ஊஞ்சலாட்டம், 2015-ல் வலுவான விதி, 2017-ல் ரத்து, 2024-ல் மறுபடி, 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

கலைஞர்களைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான கேள்வி அதுதான், பூட்டு அவர்களைக் காப்பாற்றியது என்ற நம்பிக்கையைத்தான் நான் ஏற்கவில்லை. ராப் பாடகர் எமினெமின் ஆரம்பகால ஒலிப்பதிவுகளில் உரிமை கொண்ட எஃப்பிடி என்ற நிறுவனம் ஆஃப்டர்மேத் என்ற ரெக்கார்டு நிறுவனத்தின் மீது போட்ட வழக்கைப் பாருங்கள். ஒப்பந்தப்படி ரெக்கார்டு விற்றால் 12 முதல் 20 சதவீதம், உரிமம் கொடுத்தால் 50 சதவீதம். ஐடியூன்ஸ் டவுன்லோட் இதில் எது? விற்பனைதான் என்று குறைந்த பங்கைக் கொடுத்தார்கள். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது உரிமம், 50 சதவீதம் கொடு என்றது. பாட்டு வாங்கியவரிடம் "உனக்கு உரிமம் மட்டும்தான், பாட்டு உன்னுடையது இல்லை" என்று சொல்லிப் பூட்டுப் போட்ட அதே தொழில், கலைஞரிடம் "விற்றுவிட்டோம், உனக்குச் சின்னப் பங்கு" என்றது. இரண்டு பக்கமும் இழந்தவர்கள் யார் என்று பாருங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் நீங்கள் கட்டும் சந்தா நீங்கள் கேட்ட கலைஞருக்கு நேராகப் போவதில்லை, பெரும்பாலான சேவைகளில் எல்லார் பணமும் ஒரு குவியலாகி மொத்தக் கேட்பு விகிதப்படி பிரிகிறது. நீங்கள் மாதம் முழுக்க ஒரே ஒரு சின்னக் குழுவைக் கேட்டாலும் உங்கள் காசில் பெரும்பகுதி நீங்கள் கேட்காதவர்களுக்கே. கேட்டவர் காசு கேட்கப்பட்டவருக்கு என்ற முறையைச் சவுண்ட்கிளவுட் 2021-ல் தொடங்கியது, ஆகவே அது செய்ய முடியாத காரியம் இல்லை. ஸ்பாட்டிஃபை எதிர்த்திசையில் போய், 2024 முதல் முந்தைய 12 மாதத்தில் 1,000 கேட்பு வராத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது என்றது. சிறு தொகைதான் என்பது அவர்கள் வாதம். சிறு தொகையாகவே இருக்கட்டும், உழைத்தவருடையது அல்லவா?

இதையெல்லாம் வைத்து நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மனதுக்குப் பிடித்த சிலரின் பாட்டையாவது பேண்ட்கேம்ப் மாதிரி பூட்டில்லாமல் விற்கும் இடத்தில் வாங்கி, கோப்பாக உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே விலையில் பெரும்பங்கு கலைஞருக்குப் போகிறது. சொந்தமாக வாங்கியதைச் சொந்தக் கருவியில் கேட்பதற்காகப் பூட்டைத் தாண்டுவது குற்றமில்லை என்று சட்டம் சொல்ல வேண்டும். கடையை மூடுகிறவர் பூட்டைத் திறந்துவிட வேண்டும் அல்லது காசைத் திருப்பித் தர வேண்டும். அதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் நூல்கள் மறைந்தன, ஆனால் கொடுத்த பணம் முழுதும் திரும்பி வந்தது. எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆகவே அடுத்து மூடுகிற நிறுவனம் அப்படிச் செய்யாமலும் போகலாம்.

அன்புடன்.