கருவில் கை வைக்கலாமா?

கேள்வி: நோய் தீர உடலை அறுப்பதற்கே சம்மதிக்கிறோம். பரம்பரை நோயைக் கருவிலேயே மரபணுவைத் திருத்தித் தடுப்பதற்கு மட்டும் ஏன் இத்தனை எதிர்ப்பு?

பதில்: இக்கேள்வியில் இரண்டு வெவ்வேறு செயல்கள் கலந்துகிடக்கின்றன. பிறந்து வளர்ந்த நோயாளியின் உடல் செல்களைத் திருத்துவது ஒன்று. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவரின், எலும்பு மஜ்ஜையில் ரத்த செல்களை உருவாக்கும் குருத்தணுக்களை வெளியே எடுத்து, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் மாற்றி, மீண்டும் அவர் உடலுக்குள் செலுத்தும் ‘கேஸ்ஜெவி’ சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி வழங்கின. அந்தத் திருத்தம் அவரோடு முடிந்துவிடும். இதைப் பெரும்பாலானோர் எதிர்ப்பதில்லை. கருவைத் திருத்துவதோ வேறு. அம்மாற்றம் அந்தக் குழந்தையின் சினைமுட்டை அல்லது விந்தணு வழியாக வரும் தலைமுறைகளுக்கும் செல்லக்கூடியது.

2018 நவம்பரில் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குயி, கருவில் மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாக அறிவித்தார். தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்ததால், அக்கிருமி செல்லுக்குள் நுழைய உதவும் சிசிஆர்5 மரபணுவைச் செயலிழக்கச் செய்வதே நோக்கம் என்றார். ஆனால் தந்தையின் தொற்று குழந்தைக்கு வராமல் தடுக்க, விந்தணுக்களைக் கழுவிப் பிரித்தெடுக்கும் எளிய முறை அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்தது. போதாக்குறைக்கு, சிலரிடம் இயற்கையாகவே காணப்படும், எச்.ஐ.வி.யைத் தடுக்கும் சிசிஆர்5 மாற்றம் அந்தக் குழந்தைகளிடம் அப்படியே அமையவும் இல்லை. 2019 இறுதியில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பிறக்காத குழந்தையின் சம்மதத்தைப் பெற முடியாது என்பதையே பலரும் முதல் வாதமாக முன்வைக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு வலுவாகத் தோன்றவில்லை. தடுப்பூசி போடும்போதும் நாம் குழந்தையைக் கேட்பதில்லை. எனக்கு வலுவாகப் படுவது, தேவை குறைவு என்பதுதான். பரம்பரை நோய்க்கு அஞ்சும் தம்பதியரில் பெரும்பாலோர், செயற்கைக் கருத்தரிப்பில் உருவாகும் கருக்களைச் சோதித்து, அந்நோயில்லாத கருவைத் தேர்ந்துகொள்ள முடியும். அந்த வழி இருக்கும்போது, குறியிட்ட இடத்தை விட்டு வேறிடத்திலும் வெட்டிவிடக்கூடிய ஒரு கருவியைக் கருவின்மேல் பயன்படுத்துவானேன்? கணவன் மனைவி இருவருக்குமே ஒரே ஒடுங்குநிலை மரபு நோய் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் நோய்) இருந்து, ஆரோக்கியமான கரு ஒன்றுகூட உருவாக வழியில்லாத அரிய குடும்பங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவர்களிடம் ‘கூடாது’ என்று சொல்வது எனக்கும் எளிதாக இல்லை. பாதுகாப்பு உறுதிப்படும் வரையாவது காத்திருக்கச் சொல்வேன்.

கேள்வி: செல்வந்தர்கள் உயரமும் அறிவும் கூட்டிய குழந்தைகளைப் பெற்றுக்கொள்ளும் காலம் வந்துவிடுமா?

பதில்: உயரத்தைத் தீர்மானிப்பதில் பல்லாயிரம் மரபணு வேறுபாடுகளுக்குப் பங்கு உண்டு, ஒன்றிரண்டைத் திருத்தி ஆகப்போவது சொற்பமே. ஏற்றத்தாழ்வுதான் உங்கள் கவலை என்றால், அது ஏற்கெனவே வந்துவிட்டது. கேஸ்ஜெவிக்கு அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். அரிவாள் செல் நோயாளிகள் மிகுதியாக வாழ்வதோ ஆப்பிரிக்காவில். மருந்தை இலவசமாகக் கொடுத்தாலும் போதாது. திருத்திய செல்களை ஏற்றுவதற்கு முன் கடுமையான வேதிச்சிகிச்சையால் பழைய மஜ்ஜையை அழிக்க வேண்டும். பின்னர் வாரக்கணக்கில் தொற்று அண்டாமல் நோயாளியைக் காக்கும் மருத்துவமனையும் வேண்டும்.