ஏழுக்கு நாலு

அன்புள்ள சார்,

மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் ஐந்து பேர் பஸ் பிடித்துப் புதுச்சேரி போய், ஒரு ஸ்னூக்கர் பார்லரில் நடக்கும் 8 பால் லீக்கில் (மேஜையில் கோலால் பந்தைக் குழியில் தள்ளும் பூல் ஆட்டம்) ஆடுகிறோம். எல்லோரும் வேலை, படிப்பு போக மிச்ச நேரத்தில் ஆடுகிறவர்கள். இந்த முறை ஓர் அணியில் மாநிலப் போட்டிகளுக்குப் போகிற ஒருவரைச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் அணியின் சின்னப் பையன் அவரிடம் 5-0 என்று தோற்றான். அதில் மூன்று ஆட்டத்தில் அவன் பந்தைத் தொடவே இல்லை. அடுத்த வாரம் வரவில்லை. அந்த அணிக்காரர்களைக் கேட்டால், "நல்ல ஆளோட ஆடினாத்தான் கத்துக்க முடியும், உங்களுக்குப் பொறாமை" என்கிறார்கள். பொறாமைதானா சார்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

பொறாமை இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தப் பையன் உட்கார்ந்திருந்த நாற்காலிதான் மனதில் நிற்கிறது.

நல்ல ஆளோடு ஆடினால் கற்றுக்கொள்ளலாம் என்பது பல விளையாட்டுகளில் உண்மை. ஷட்டிலில் எவ்வளவு பெரிய ஆள் எதிரில் நின்றாலும் சர்வீஸையாவது திருப்பிப் போடப் பார்ப்போம். 8 பாலில் எதிராளி தவறவிடும்வரை நமக்கு டேபிளே கிடையாது. அவர் பிரேக் என்கிற முதல் அடியை அடித்து, தன் ஏழு பந்தையும் போட்டு, கருப்பையும் போட்டுவிட்டால், நாம் எழுந்து கை கொடுத்துவிட்டு மறுபடி உட்கார வேண்டியதுதான். பார்த்துக் கற்கலாமே என்பார்கள். சரி, ஒவ்வோர் அடிக்குப் பிறகும் வெள்ளைப் பந்தை எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார் என்பதில்தான் அவர் ஆட்டம் முழுக்க இருக்கிறது. ஆனால் நாலு பேர் முன்னால் தோற்றுக்கொண்டிருக்கிற பையனின் கண்ணுக்கு அது தெரியாது. குழியில் விழுகிற பந்துதான் தெரியும்.

இருந்தாலும் அவரை வெளியே அனுப்பச் சொல்ல மாட்டேன். மாநில அளவில் ஆடுகிறவர் என்றால் அதில் சோறு கிடைக்கிறது என்று அர்த்தமில்லை. அவருக்கும் பகலில் ஒரு வேலை இருக்கும். போட்டி வருடத்தில் சில நாள்தான், மற்ற நாளில் அவர் எங்கே போய் ஆடுவார்? நன்றாக ஆடுகிறான் என்பதற்காக ஒருவனை விளையாட்டிலிருந்து விலக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

செய்ய வேண்டியது எடை போடுவது. நம் பக்கத்துக் கபடி நோட்டீஸில் "65 கிலோ எடைப் பிரிவு" என்று போட்டிருக்கும். மெஷினில் ஏற்றிப் பார்த்துத்தான் களத்தில் விடுவார்கள். கோல் பிடித்து ஆடும் கியூ ஆட்டங்களிலும் இதற்கு வழி உண்டு. அமெரிக்காவில் ஃபார்கோரேட் என்று ஒரு மதிப்பீட்டு முறை இருக்கிறது. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் அதில் 800-ஐத் தாண்டியவர்கள். இரண்டு பேருக்குள் 100 புள்ளி வித்தியாசம் என்றால், பலமானவர் இரண்டு ஆட்டம் ஜெயிக்கும்போது மற்றவர் ஒன்று ஜெயிப்பார் என்று கணக்கு. கேட்பதற்குப் பெரிய இடைவெளியாகத் தெரியாது. ஆனால் முதலில் 7 ஆட்டம் ஜெயிப்பவர் என்று வைத்துப் பாருங்கள், பலவீனமானவருக்குப் பத்தில் ஒரு வாய்ப்புதான். அவருக்கு 4 ஆட்டம் போதும், பலமானவருக்கு 7 வேண்டும் என்று மாற்றினால் அது பத்தில் நாலுக்கு மேல் போய்விடுகிறது. இப்போது இரண்டு பேருமே வியர்க்க வேண்டும்.

அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன் என்ற அமெச்சூர் லீக்கும் இப்படித்தான் நடக்கிறது. 1979-இல் அதைத் தொடங்கியவர்கள் டெரி பெல், லாரி ஹபார்ட் என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்பதை உங்கள் எதிரணிக்காரர்களிடம் சொல்லுங்கள். அங்கே 8 பாலில் ஒவ்வொருவருக்கும் திறமைக்கேற்ப 2 முதல் 7 வரை ஓர் எண். அன்றைக்கு ஆடும் ஐந்து பேரின் எண்ணைக் கூட்டினால் 23-ஐத் தாண்டக் கூடாது. ஒரு 7-ஐ இறக்கினால் மற்ற நாலு பேருக்கும் சேர்த்து 16-தான் மிச்சம். கெட்டிக்காரரைச் சேர்க்கலாம், அதற்கு அணி விலை கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் லீக்கைக் கெடுப்பவன் வேறு ஆள். வேண்டுமென்றே நாலு பந்தைத் தவறவிட்டுத் தன் எண்ணைக் கீழேயே வைத்துக்கொண்டு, இறுதிப் போட்டியில் மட்டும் முழு ஆட்டத்தை எடுப்பானே, அவன். அதனால்தான் அந்த அமெரிக்க லீக்கில் யார் எத்தனை முறை டேபிளுக்கு வந்தார்கள், எந்த அடி பந்து போடும் எண்ணமில்லாமல் அடித்தது என்பதையெல்லாம் எழுதி வைக்கிறார்கள். உங்கள் ஆள் தன் பலத்தை மறைக்கவில்லை. அது அவரைப் பற்றி நல்ல செய்தி.

இருபது வயதில் நான் புதுச்சேரியில் பெத்தாங் ஆடியிருக்கிறேன். சின்ன மரக்குண்டு ஒன்றுக்கு எவ்வளவு பக்கத்தில் நம் இரும்புக் குண்டைப் போடுகிறோம் என்று பார்க்கிற பிரெஞ்சு ஆட்டம். எங்களோடு ஒரு சொல்தா வருவார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். 13 புள்ளி எடுத்தால் ஆட்டம். "நீங்க ஆறுல ஆரம்பிங்கப்பா" என்பார். அந்த ஆறைக் கொடுத்த பிறகு ஒரு குண்டைக்கூட இரக்கப்பட்டுப் போட மாட்டார். ஒருநாள் 12-12. என் குண்டு அந்த மரக்குண்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. அவர் கையில் ஒரே குண்டு. தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார், உள்ளங்கை தரையைப் பார்க்க இரண்டு முறை ஆட்டினார், விட்டார். என் குண்டு எகிறிப் போனது, அது இருந்த இடத்தில் அவருடையது உட்கார்ந்திருந்தது. தோற்றுவிட்டேன். அன்று ராத்திரி சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் தன் முழு ஆட்டத்தையும் என்னிடம் ஆட வேண்டியிருந்ததே!

அடுத்த சீசன் தொடங்கும் முன் எல்லா கேப்டன்களும் உட்கார்ந்து பேசுங்கள். ஃபார்கோ எண் எதுவும் வேண்டாம், இதுவரை ஆடிய ஆட்டங்களின் கணக்கு ஒரு நோட்டில் இருந்தால் போதும். அதை வைத்து யாருக்கு எத்தனை என்று முடிவு செய்யலாம். அந்த மாநில ஆட்டக்காரரிடமே நேரில் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். மாட்டேன், எல்லோரோடும் சமமாகத்தான் ஆடுவேன் என்று அடம்பிடித்தால் அந்த லீக் அவருக்கான இடமில்லை என்று நானும் உங்களோடு சேர்ந்து சொல்வேன்.

அதற்கு முன்னால், இந்த வாரமே அந்தப் பையன் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.