பாளி படிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

அம்பாறைப் பக்கத்துப் பௌத்தத் தலமான தீகவாபி பற்றிய உங்கள் கட்டுரையில் ரைஸ் டேவிட்ஸ் என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அவர் யார்? நான் இந்து நாகரிகம் படிக்கிறேன், சமஸ்கிருதம் கொஞ்சம் தெரியும். அடுத்ததாக, பௌத்த நூல்களின் மொழியான பாளி படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "அது அவங்கட பாசை, உனக்கென்னத்துக்கு?" என்று அம்மம்மா ஏசினார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு மாணவி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள மகளுக்கு,

படியுங்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு நீங்கள் கேட்ட மனிதரின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

தோமஸ் வில்லியம் ரைஸ் டேவிட்ஸ் 1843இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தகப்பன் கிறிஸ்தவப் போதகர். மகன் ஜெர்மனிக்குப் போய் பிரெஸ்லாவ் நகரில் சமஸ்கிருதம் படித்தார். பிறகு இலங்கை சிவில் சேவையில் சேர்ந்து இங்கே வந்தார். நீதவானாக இருந்தபோது பௌத்த சமய வழக்கம் ஒன்றைப் பற்றிய வழக்கு அவர் முன் வந்தது. சான்றாகக் காட்டிய ஆவணம் பாளியில் இருந்தது. மன்றில் இருந்த ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் தான், ஆனால் ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாது. இது அவரை உறுத்தியது. பாளி சொல்லித்தர ஆள் தேடினார்.

கிடைத்தவர் யாத்ராமுல்லே தேரர் என்ற பிக்கு. எனக்கு இந்தக் கதையில் மாணவரைவிட இந்த ஆசிரியரைத்தான் பிடிக்கும். 1870களில் பாளி அகராதி வெளியிட்ட ரொபர்ட் சீசர் சில்டர்ஸுக்கும் இவர்தான் குரு. ரைஸ் டேவிட்ஸ் வந்து சேர்ந்த காலத்தில் தேரருக்குத் தீராத வருத்தம், உடம்பு நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தது. அந்த நிலையிலும் நாட்டை ஆளும் அரசாங்கத்தின் உத்தியோகத்தர் ஒருவருக்கு, வேறு சமயத்தில் பிறந்தவருக்கு, உட்கார்ந்து பாடம் சொன்னார். அவருடைய எளிமையும் உயர்ந்த மனமும் தன்னை வணங்க வைத்தன என்று மாணவர் பின்னால் எழுதினார். "இது எங்கட பாசை, உனக்கென்னத்துக்கு" என்று அந்தத் தேரர் கேட்டிருந்தால் ஐரோப்பாவின் பாளி ஆய்வு எவ்வளவோ பிந்தியிருக்கும்.

ரைஸ் டேவிட்ஸின் உத்தியோகம் நிலைக்கவில்லை. அனுராதபுரத்தில் மேலதிகாரியோடு பிணக்கு, தண்டப்பணம் அறவிட்டதில் முறைகேடு என்று விசாரணை, கடைசியில் வேலை போனது. அவரை மகானாக்க வேண்டியதில்லை. லண்டனுக்குத் திரும்பிச் சட்டம் படித்தார், ஆனால் மனம் பாளியில்தான் இருந்தது. 1881இல் பாளி நூற்கழகத்தைத் தொடங்கினார். ஓலைச்சுவடிகளில் கிடந்த நூல்களை ஒப்பிட்டு, ரோமன் எழுத்தில் அச்சிடுவது அதன் வேலை. ஆரம்பத்தில் சந்தா கட்டி அதைத் தாங்கியவர்களில் கணிசமானோர் இலங்கைப் பிக்குகள். 1922இல் அவர் இறந்தபோது கழகம் 94 தொகுதிகளை வெளியிட்டிருந்தது. வில்லியம் ஸ்டீடோடு சேர்ந்து செய்த பாளி–ஆங்கில அகராதி அவருக்குப் பிறகுதான் முடிந்தது.

சரி, அம்மம்மாவின் கேள்விக்கு வருவோம். அவர் கோபத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. தீகவாபி என்ற பெயரைக் கேட்டாலே நம் பக்கத்தில் காணிப் பிரச்சினைதான் ஞாபகம் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்துக்காகப் பாளியையே விட்டுக்கொடுப்பது நமக்குத்தான் நட்டம். பாளிக்குச் சொந்த எழுத்துக்கூடக் கிடையாது. சிங்களத்தில், பர்மிய எழுத்தில், தாய் எழுத்தில், தேவநாகரியில் என்று போன இடத்து எழுத்திலெல்லாம் எழுதினார்கள். அதில் எழுதியவர்களில் தமிழ்நாட்டாரும் உண்டு. உரகபுரத்துப் புத்ததத்தர், அதாவது நம் உறையூர்க்காரர் என்று அறிஞர்கள் கொள்பவர், காவிரிக் கரை விகாரையில் இருந்து அபிதம்மாவதாரம் என்ற பௌத்த தத்துவ நூலை எழுதினார். பிற்காலத்தில் சோழநாட்டுக் கஸ்ஸபர், பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்துக்கு விமதிவிநோதனி என்ற உரை செய்தார். இவர்களை நாம் தமிழ் வரலாற்றில் பேசுவதே இல்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

இன்னொன்றும் இருக்கிறது. இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தைப் பற்றி நம்மில் எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு, வாசித்தவர்கள்தான் குறைவு. 21ஆம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன் 44 ஆண்டுகள் ஆண்டான், வழக்கு என்று வந்தால் நண்பன் பகைவன் பாராமல் நீதி செய்தான் என்று அது சொல்கிறது. கன்றை இழந்த பசு மணியை அடிக்கிறது, அரசன் தன் மகனைத் தேர்ச்சக்கரத்தில் தலை துணிக்கிறான். சிலப்பதிகாரத்திலும் பெரியபுராணத்திலும் நாம் படித்த மனுநீதிச் சோழன் கதைதான், அங்கே பாளிச் செய்யுளில் இருக்கிறது. பொய்ச் சமயத்தை விடாதவன் என்று ஆசிரியர் ஒரு குறையும் வைக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அந்த நூல் எப்படி யோசிக்கிறது என்று பிடிபடும். தீகவாபியும் 24ஆம் அத்தியாயத்தில் வருகிறது. வேளாண்மையைப் பார்க்கச் சொல்லி அரசன் துட்டகைமுனு தன் தம்பியை அங்கே அனுப்புகிறான். அம்பாறைப் பக்கம் அன்றைக்கும் வயல்பூமிதான்.

மேடையில் யாரோ எடுத்துச் சொல்லும் இரண்டு வரியை வைத்துத்தான் நாம் கோபப்படுகிறோம் அல்லது பயப்படுகிறோம். ரைஸ் டேவிட்ஸ் அந்த ஆவணத்தின் முன் இருந்த நிலைமையில்தான் நாமும் இருக்கிறோம். அவர் படித்தார். நாம் இன்னும் தொடங்கவில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 'மதங்க சூளாமணி'க்காகச் சமஸ்கிருத நாடக இலக்கணமான தசரூபகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அந்த வழி நமக்குப் புதிதல்ல.

உங்களுக்குச் சமஸ்கிருதம் தெரியும் என்பதால் பாதி வேலை முடிந்தது. பாளியில் இருமை எண் (இரண்டைக் குறிக்கும் தனி வடிவம்) இல்லை, சந்தியும் அவ்வளவு கடினமில்லை. தம்மபதத்தில் தொடங்குங்கள், செய்யுள்கள் சின்னவை. சிங்கள எழுத்தையும் பழகிக்கொள்ளுங்கள், இலங்கையில் பாளி நூல்கள் அதில்தான் அதிகம் கிடைக்கும். பிறகு மகாவம்சம். வில்ஹெல்ம் கைகர் 1908இல் பதிப்பித்த மூலத்தையும் 1912இல் வந்த அவரது ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். அக்கம்பக்கத்து விகாரையில் பாளி தெரிந்த பிக்கு ஒருவர் இருந்தால் தயங்காமல் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோசமாகச் சொல்லித்தருவார்கள். 21ஆம் அத்தியாயத்தில் எங்காவது தடுக்கினால் அந்தச் செய்யுளை எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.