பெண்டிரைவ்ல இருந்து விண்டோஸ் எக்ஸ்பி பூட் பண்ணா லோகோ வந்துட்டு நீல ஸ்க்ரீன் வருதே, டிரைவர் லோட் ஆர்டர்தான் காரணமா?

ஆமா, பெரும்பாலும் அதான். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது எந்த டிரைவர் (ஹார்ட்வேர இயக்குற சாஃப்ட்வேர்) முதல்ல மெமரிக்கு வரணும், எது அப்புறம்ங்கற வரிசைக்குப் பேர்தான் லோட் ஆர்டர்.

ஆரம்பத்துல பெண்டிரைவ படிக்கிறது பயாஸ் (மதர்போர்டுல இருக்கற ஆரம்ப புரோகிராம்), அதனால லோகோ வரைக்கும் பிரச்சனையே இல்லாம வரும், அதுக்கப்புறம் கெர்னல் (விண்டோஸோட மையப் பகுதி) பொறுப்ப எடுத்துக்கிட்டா அது சொந்த டிரைவர வச்சுதான் டிஸ்க்க பாக்கணும். ஆனா எக்ஸ்பில யூஎஸ்பி டிரைவருக்கெல்லாம் ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் செட்டிங்ஸ சேத்து வைக்கிற இடம்) ஸ்டார்ட் மதிப்பு 3, அதாவது தேவைப்படும்போது ஏத்திக்கலாம்னு அர்த்தம். அந்த டிரைவர் ஃபைல் இருக்கறதோ அதே பெண்டிரைவுக்குள்ள! பீரோ சாவிய பீரோவுக்குள்ளயே வச்சு பூட்டின கதைதான். உடனே 7பி எரர், அதாவது பூட் டிஸ்க்க அணுக முடியலங்கற நீல ஸ்க்ரீன்.

யூஎஸ்பி கண்ட்ரோலர், ஹப், யூஎஸ்பிஸ்டார் (பெண்டிரைவ் மாதிரி யூஎஸ்பி டிஸ்க்குக்கான டிரைவர்) மூணுக்கும் ஸ்டார்ட 0, அதாவது பூட் ஆகும்போதே ஏத்துன்னு ஆக்கி, குரூப்ல 'பூட் பஸ் எக்ஸ்டெண்டர்'னு (ஆரம்பத்துலயே லோட் ஆகற டிரைவர் குழு) போட்டுட்டா, பயாஸ் படிச்சுக் குடுக்கும்போதே இதுங்களும் மெமரிக்கு வந்துடும். ஒரு தொல்லை இருக்கு, வேற கம்ப்யூட்டர்ல சொருகினா விண்டோஸ் புது கண்ட்ரோலர்னு நினைச்சு ஐஎன்எஃப் ஃபைல (டிரைவர எப்படி இன்ஸ்டால் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) பாத்து மறுபடி 3 ஆக்கிடும், அதனால அந்த ஃபைல்லயும் மாத்தி வைங்க (நான் இதுல ரெண்டு நாள் மண்டைய உடைச்சேன்). 2012ல விண்டோஸ் 8ஓட வந்த 'விண்டோஸ் டு கோ'ல (யூஎஸ்பி டிரைவ்ல இருந்தே விண்டோஸ ஓட்டற வசதி, 2020ல நிறுத்திட்டாங்க) இந்த ரோதனையே இருந்ததில்ல.

நிறைய பேர் பயாஸ்ல பூட் ஆர்டர மாத்தினா போதும்னு நினைக்கிறாங்க, அது எந்த டிஸ்க்ல ஆரம்பிக்கணும்னு மட்டும்தான் சொல்லும், டிரைவர் வரிசைய தொடவே தொடாது.