ரெண்டு அட்டையிலயும் குதிரைதான்

(பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டதால போடல. கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.)

வணக்கம் அண்ணா. நான் கோயமுத்தூர். ஹாஸ்டல் காலத்துல இருந்தே நானும் என் ரூம்மேட்டும் அமெரிக்கப் பாடகி பியான்சே மேல பைத்தியம். அவங்களோட டான்ஸ் ஆல்பம் 'ரெனசான்ஸ்' வந்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் ஆபீசுக்கு லீவு சொல்லிட்டு வீடியோ கால்ல ஆடினோம். அது மூணு பாகத்துல முதல் பாகம்னு தெரிஞ்சதும் அடுத்ததுக்கு ஒண்ணரை வருஷத்துக்கு மேல காத்துக்கிட்டிருந்தேன். 'கௌபாய் கார்ட்டர்'னு வந்தது என்னன்னா கன்ட்ரி மியூசிக். பாஞ்சோ (கிட்டார் மாதிரி ஒரு தந்தி வாத்தியம்), கௌபாய் தொப்பி, குதிரை. நாலு பாட்டுக்கு மேல முடியல. கன்ட்ரி மியூசிக்னாலே வெள்ளைக்காரங்க ட்ரக்கு, பீரு, பொண்டாட்டி ஓடிப்போன கதைன்னு பாடறதுதானே, சம்பந்தமே இல்லாத இடத்துல போய் இவங்க ஏன் நிக்கணும்? இதை ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்ல போட்டேன். உனக்கு வரலாறு தெரியல, நீ நிஜமான ஃபேனே இல்ல, அமெரிக்காவோட பெரிய இசை விருதான கிராமியே குடுத்துட்டாங்க அப்புறம் என்னன்னு என் ரூம்மேட்டே கேட்டுட்டா. அவ இப்ப டல்லஸ்ல இருக்கா. 2025 ஜூன்ல ஹூஸ்டன் ஷோவுக்கு பூட்ஸ் தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு போய்ட்டு வந்து எனக்கு அந்த ஆல்பத்தோட வைனல் ரெகார்டு வேற அனுப்பியிருக்கா. என்கிட்ட பிளேயரே இல்ல. பிரிக்காம பீரோ மேல கிடக்கு. பிடிக்கலன்னு சொல்றது தப்பா அண்ணா?

*

வணக்கம்மா,

தப்பே இல்ல. முதல்ல இதைச் சொல்லிடறேன், ஏன்னா கீழ நான் எழுதப்போறதுல பாதி உங்க ரூம்மேட் பக்கம் பேசற மாதிரி இருக்கும், நீங்க பாதியிலயே மூடிட்டுப் போயிடக் கூடாது.

'கௌபாய் கார்ட்டர்' 2024 மார்ச் 29 வந்துச்சு, அந்த வாரமே நான் பெரம்பூர்ல எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி காதுல மாட்டினேன், திருவள்ளூர்ல இறங்கறப்பகூட முடியல. 27 ட்ராக். நடுவுல ரெண்டு தடவை ஆஃப் பண்ணிட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு வந்தேன். ரெனசான்ஸ்ல ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள்ள வழுக்கிக்கிட்டுப் போகும், மூச்சு விடவே டைம் இருக்காது, அந்த வேகத்தோட உட்கார்ந்தவனுக்கு இது ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நிக்கற பாசஞ்சர் மாதிரி இருந்துச்சு. அதனால உங்க ஏமாற்றம் எனக்குப் புரியுது.

ஆனா உங்க கடிதத்துல ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, 'சம்பந்தமே இல்லாத இடம்'. அதை மட்டும் விட முடியாது.

பியான்சே ஊரே ஹூஸ்டன்மா. பொறந்து வளர்ந்தது டெக்சஸ். அம்மா அதே மாநிலத்துல கால்வஸ்டன், அப்பா அலபாமா. அந்த ஹூஸ்டன்ல வருஷா வருஷம் நடக்கற ரோடியோ திருவிழால அவங்க முன்னாடியே பாடியிருக்காங்க. மாடு மேய்க்கறது, குதிரை ஏறறதுன்னு சினிமால நாம பார்த்த கௌபாய் எல்லாம் வெள்ளைக்காரனா இருக்கறது சினிமாக்காரங்க வேலை. 1860கள்ல உள்நாட்டுப் போர் முடிஞ்சப்புறம் அந்தப் பக்கம் மாடு ஓட்டினவங்கள்ல நாலுல ஒருத்தர் கறுப்பினத்தவர்னு வரலாற்றாசிரியர்கள் கணக்கு சொல்றாங்க. நீங்க எரிச்சல்படற அந்த பாஞ்சோ இருக்கே, அதோட மூதாதைங்க மேற்கு ஆப்பிரிக்கா வாத்தியங்கள். அடிமையா கொண்டுவரப்பட்டவங்க சுரைக்குடுக்கையில தோல் கட்டி வாசிச்சது. இந்த ஆல்பத்துல 'டெக்சஸ் ஹோல்ட் எம்' பாட்டு ஆரம்பத்துல கேக்கற பாஞ்சோவை வாசிச்சவங்க ரியானன் கிடன்ஸ்ங்கற இசைக்கலைஞர், இந்தக் கதையைத்தான் அவங்க பல வருஷமா மேடை மேடையா சொல்லிக்கிட்டு வர்றாங்க. பியான்சே வேற யாரையாவது கூப்பிட்டிருக்கலாம், இவங்களைக் கூப்பிட்டது சும்மா இல்ல.

அப்புறம் எப்படி இது வெள்ளைக்காரங்க சங்கீதம்னு ஆச்சுன்னா, கடைக்காரங்க பண்ணின வேலை. 1920கள்ல ரெகார்டு கம்பெனிங்க ஒரே ஊர்ல ஒரே மாதிரி ஃபிடில் (நம்ம வயலின்தான்) வாசிக்கற ரெண்டு பேரை ரெக்கார்ட் பண்ணிட்டு, கறுப்பா இருந்தா 'ரேஸ் ரெகார்டு', வெள்ளையா இருந்தா 'ஹில்பில்லி'ன்னு ரெண்டு கேட்லாக்ல போட்டாங்க. விக்கறதுக்காகப் போட்ட லேபிள். பின்னாடி ஹிட் பாட்டுங்க பட்டியல் போடற பில்போர்டு பத்திரிகை அந்த ரெண்டையும் ரிதம் அண்ட் புளூஸ், கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்னு கௌரவமா பேர் மாத்துச்சு, சுவர் அப்படியே நின்னுடுச்சு. கன்ட்ரியோட தலைநகரம் மாதிரி இருக்கற நாஷ்வில்ல கிராண்ட் ஓல் ஆப்ரின்னு ஒரு ரேடியோ நிகழ்ச்சி, கன்ட்ரிக்கு அதுதான் கோயில், அதோட ஆரம்பகால நட்சத்திரங்கள்ல ஒருத்தர் டிஃபோர்ட் பெய்லின்னு மவுத் ஆர்கன் வாசிச்ச கறுப்பினத்தவர். 1941ல அவரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அதே மேடையில தனியா பாடின முதல் கறுப்பினப் பெண் லிண்டா மார்டெல், 1969ல. ஒரே ஒரு ஆல்பம் போட்டாங்க, அதுக்கப்புறம் அந்த உலகத்துல அவங்களுக்கு இடமில்லாமப் போச்சு. கௌபாய் கார்ட்டர்ல நடுநடுவுல ஒரு வயசான குரல் பேசுதே, அது அவங்கதான். நீங்க நாலாவது பாட்டுலயே நிறுத்திட்டதால அதுவரைக்கும் போயிருக்க மாட்டீங்க.

2016ல பியான்சே கன்ட்ரி அவார்டு விழாவுல (சிஎம்ஏன்னு சொல்வாங்க) டிக்ஸி சிக்ஸ்ங்கற கன்ட்ரி குழு கூட சேர்ந்து தன்னோட 'டாடி லெசன்ஸ்' பாட்டைப் பாடினாங்க, இவங்களுக்கு இங்க என்ன வேலைன்னு இணையத்துல கொட்டித் தீர்த்துட்டாங்க. கிராமில அந்தப் பாட்டை கன்ட்ரி பிரிவுல சேத்துக்கவே மாட்டேன்னுட்டாங்க. பல வருஷம் முன்னாடி நான் வரவேற்கப்படாத ஒரு அனுபவத்துல இருந்து பொறந்த ஆல்பம் இதுன்னு 2024ல எழுதினப்ப பியான்சே எந்த விழான்னு சொல்லல, எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு. அந்த பிப்ரவரில சூப்பர் பவுல் (அமெரிக்கன் ஃபுட்பால் இறுதிப் போட்டி) அன்னிக்கு இந்த ஆல்பத்துல இருந்து ரெண்டு பாட்டு விட்டாங்கல்ல, அதை ஒருத்தர் ஓக்லஹோமால ஒரு ரேடியோ ஸ்டேஷன்ல கேட்டதுக்கு, நாங்க கன்ட்ரி ஸ்டேஷன், பியான்சே போடறதில்லன்னு பதில் வந்துச்சு. ரசிகர்கள் மெயில் அனுப்பியே திணறடிச்சதும் போட்டுட்டாங்க, அது வேற விஷயம். அந்த மாசமே டெக்சஸ் ஹோல்ட் எம் பில்போர்டு கன்ட்ரி பட்டியல்ல முதலிடம், ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அது முதல் தடவை. ஆனா அந்த வருஷ சிஎம்ஏ அவார்டுல ஒரு நாமினேஷன்கூட இல்ல. அதே வருஷம் ராப் பக்கமிருந்து வந்து கன்ட்ரி ஆல்பம் போட்ட போஸ்ட் மலோனுக்கு இருந்துச்சு. அவர் நாஷ்வில் ஆளுங்க கூட உட்கார்ந்து பீர் குடிச்சு பாடி பழகிக்கிட்டார், இவங்க 'இது கன்ட்ரி ஆல்பம் இல்ல, பியான்சே ஆல்பம்'னு சொல்லிக்கிட்டு வந்தாங்க, அதனால அப்படின்னு ஒரு சமாதானம் உண்டு. கொஞ்சம் உண்மையும் இருக்கு அதுல, ஆனா முழு உண்மைன்னு என்னால நம்ப முடியல.

இப்ப உங்க ரூம்மேட் எங்க தப்பு பண்றாங்கன்னு சொல்றேன். அந்த ரேடியோ ஸ்டேஷன் சொன்ன 'வேணாம்'மையும் நீங்க சொல்ற 'வேணாம்'மையும் அவங்க ஒண்ணாக் கட்டிட்டாங்க. அது வாசல்ல நின்னு உள்ள விடாதவன் சொல்றது. நீங்க பதினஞ்சு வருஷம் அந்த வீட்டுக்குள்ளயே குடியிருந்துட்டு, திடீர்னு ஹால்ல இருந்த சோபாவை எல்லாம் மாத்திட்டாங்களேன்னு முணுமுணுக்கறவங்க. ரெண்டும் ஒரே வார்த்தையில வருதுன்னா ஒரே கோபம் ஆயிடுமா. மேல நான் எழுதின வரலாறு அத்தனையும் அந்தப் பாட்டைப் பாட அவங்களுக்கு உரிமை இருக்குன்னு காட்டும், உங்க காதுக்கு அது பிடிச்சே ஆகணும்னு காட்டாது. கிராமியும் அப்படித்தான். 2025 பிப்ரவரில வருஷத்தோட சிறந்த ஆல்பம், சிறந்த கன்ட்ரி ஆல்பம் ரெண்டும் வாங்கினாங்க, கன்ட்ரி விருதை எடுத்துக் குடுத்தது டெய்லர் ஸ்விஃப்ட், அவங்க கன்ட்ரில இருந்து பாப்புக்குப் போனவங்க, இவங்க எதிர்ப்பக்கமா வந்தவங்க, அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. பரிசு கிடைச்சுதுன்னு சந்தோஷப்பட்டுட்டு, ஆல்பத்தைக் கேக்காம இருக்கலாம். நான் கேரண்டி.

என் வழக்கையும் சொல்லிடறேன். எனக்கு இதுல 'ஜோலீன்' பாட்டு பிடிக்கவே இல்ல. கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் 1973ல பாடின மூலப் பாட்டுல ஒரு பொண்ணு ஜோலீன்கறவகிட்ட கெஞ்சுவா, உன்னால முடியும்கறதுக்காக என் ஆளை எடுத்துக்காதேன்னு. கையில ஒண்ணுமே இல்லாதவ கெஞ்சற கெஞ்சல், அதுலதான் பாட்டோட உயிரே. பியான்சே வரியை மாத்தி மிரட்டலா ஆக்கிட்டாங்க, கிட்ட வந்து பாருடின்னு. கேக்க ஜோரா இருக்கு, ஆனா பயமே இல்லாதவங்களுக்கு ஜோலீன்கிட்ட பேச்சு எதுக்கு? இதைச் சொன்னா எனக்கும் வரலாறு தெரியாதுன்னு யாராவது சொல்வாங்க, சொல்லட்டும்.

பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல எங்க பக்கத்து வீட்ல ஒரு ஆங்கிலோ இந்தியன் அங்கிள் இருந்தார். கிறிஸ்துமஸ் மாசம் முழுக்க ஜிம் ரீவ்ஸ் ஓடும். இங்க நிறைய பேருக்கு கன்ட்ரின்னு தெரியாமலே தெரிஞ்ச கன்ட்ரி அந்த மனுஷன் குரல்தான், உங்க வீட்லயும் பெரியவங்க யாராவது கேட்டிருப்பாங்க, விசாரிச்சுப் பாருங்க. அங்கிள் வச்சிருந்த கேசட்ல ஒரு பக்கம் வெள்ளைக்காரர் ஜிம் ரீவ்ஸ், திருப்பிப் போட்டா கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸ், 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ'. சின்ன வயசுல ரெண்டும் ஒரே வகைன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். பின்னாடி படிச்சப்பதான் தெரிஞ்சுது, ரே சார்ல்ஸ் 1962ல முழுக்க கன்ட்ரி பாட்டா ஒரு ஆல்பம் போடறேன்னு நின்னப்ப, இருக்கற ரசிகர்கள் ஓடிடுவாங்கன்னு கம்பெனிக்காரங்களே பதறியிருக்காங்க. என்ன பாடணும்னு முடிவு பண்ற உரிமை கான்ட்ராக்ட்லயே அவர் கையில இருந்ததால பாடிட்டார். ஃப்ளாரிடால ஒரு சின்ன ஊர்ல, கண்ணு போன பையனா அந்த கிராண்ட் ஓல் ஆப்ரியை ரேடியோல கேட்டு வளர்ந்தவர், அவருக்கு அது அடுத்தவன் வீடா தோணவே இல்ல. பாட்டு நம்பர் ஒன். இன்னொருத்தரும் உண்டு, கறுப்பினப் பாடகி டினா டர்னர். 1974ல அவங்க தனியா போட்ட முதல் ஆல்பமே கன்ட்ரி, ஆனா கிராமில அதை ரிதம் அண்ட் புளூஸ் பிரிவுல நாமினேட் பண்ணினாங்க! கேக்கறதை விட்டுட்டு ஆளைப் பார்த்து ரேக்கில அடுக்கறது புதுசு இல்லம்மா.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். இதுல பாதி பியான்சே பிரச்சனை, பாதி டல்லஸ் பிரச்சனைன்னு எனக்குப் படுது. கூட ஆடினவ இப்ப அந்த ஊர்ல தொப்பி போட்டுக்கிட்டு வேற ஒரு பாட்டுக்கு ஆடறா, உங்களுக்கு அந்தப் பாட்டு புரியல. நான் ஊகிக்கறேன், தப்பா இருந்தா விட்டுடுங்க.

கேட்டுத்தான் பார்ப்போம்னு தோணுச்சுன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்காதீங்க, கடைசிப் பக்கத்துல இருந்து வாங்க. 'டைரன்ட்'ல ஃபிடிலும் ராப் பாட்டுல வர்ற ட்ராப் பீட்டும் ஒண்ணா போகும், 'ரிவர்டான்ஸ்' ரெனசான்ஸ்லயே இருந்திருக்கலாம்னு தோணும், அங்க உங்களுக்கு கால் தானா ஆடும். அப்புறம் 'யா யா'. பழைய ராக் அண்ட் ரோல் மேடையில டினா டர்னர் ஆடற மாதிரி ஒரு வெறி, இந்த ஆல்பத்துலயே எனக்குப் பிடிச்சது அதுதான். அதுவும் பிடிக்கலன்னா விட்டுடுங்க, ரெனசான்ஸை யாரும் திருப்பி வாங்கிக்கப் போறதில்ல. சொல்லப்போனா ரெண்டு அட்டையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெனசான்ஸ்லயே பியான்சே கண்ணாடிக் குதிரை மேலதான் உட்கார்ந்திருக்காங்க. நாம எல்லாரும் டிஸ்கோ லைட்டைப் பார்த்தோம், குதிரையைப் பார்க்கல.

அப்புறம் அந்த பீரோ மேல இருக்கற ரெகார்டு. அதைப் பிரிக்கறதுக்கு முன்னாடி பின்பக்கம் பாட்டு லிஸ்ட்டைப் படிங்க. முதல்ல வந்த வைனல்ல அஞ்சு ட்ராக் இல்லாமலே அச்சடிச்சு அனுப்பிட்டாங்க, முன்பணம் கட்டி வாங்கின ரசிகர்கள் பொங்கிட்டாங்க, அந்தக் கோபத்துல மட்டும் நானும் முழுசா உங்க கூட நிக்கறேன். விட்டுப்போன அஞ்சுல ஒண்ணு யா யா. உங்க காப்பியில இருக்கா இல்லையான்னு பார்த்து உங்க ரூம்மேட்டுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. இல்லன்னா கடைக்காரனைத் திட்டறதுக்கு ரெண்டு பேருக்கும் ஒரு சாக்கு கிடைக்கும்.