பொழுது சாய்ந்ததும் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பும் மாமியார்

அல்சைமர் என்னும் மறதி நோய் உள்ள உங்கள் மாமியார் சாயங்காலமானால் இப்படிக் கிளம்புகிறார், என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். "இதுதான் அத்தை உங்க வீடு" என்று திருத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆறு மணிக்கு அவர் மஞ்சப்பையில் புடவையைத் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், "சரி அத்தை, காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம். உங்க வீட்ல பெரிய திண்ணை இருந்துச்சாமே?" என்று பேச்சை அங்கேயே கொண்டுபோங்கள். என் அம்மாவிடம் ஒரு வருஷம் வாதாடித் தோற்ற பிறகுதான் எனக்கு இது உறைத்தது. அவர் கேட்டது அவருடைய பிறந்த வீட்டை.

அல்சைமரில் மாலையில் குழப்பம் கூடுவது வழக்கம். களைப்பு, மங்கிய வெளிச்சம், சுவரில் விழும் நிழல். ஐந்து மணிக்கே விளக்கையெல்லாம் போட்டுப் பாருங்கள். பகல் தூக்கத்தையும் குறையுங்கள்.

ஆனால் "மூன்று நாளாகத்தான் ரொம்ப மோசம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. இந்த நோய் மூன்று நாளில் அப்படித் தாவாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று ஏதாவது இருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரும். நாளைக் காலையே டாக்டரிடம் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

தூங்கட்டும் என்று நீங்களாக அவில் (தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரை) கொடுக்காதீர்கள். குழப்பம் இன்னும் ஏறும்.

அப்புறம், நீங்கள் ஒழுங்காகத் தூங்கி எத்தனை நாள்? "ஏதாவது உதவி வேணுமா" என்று போனில் கேட்கும் நாத்தனாரிடம், "சனிக்கிழமை ராத்திரி வந்து அத்தையோட படுத்துக்கோங்க" என்று கிழமையைச் சொல்லியே கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.